வெள்ளத்தில் நின்ற மாருதி 800: ஹெட் கழற்றியாகிவிட்டது, இன்டேக் ரன்னரைப் பெரிதாக்கலாமா?

உப்பலவாடி_800 | 8 டிசம்பர் 2024, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் பக்கம் குண்டு உப்பலவாடியில் இருந்து எழுதுகிறேன். ஃபெஞ்சல் புயலுக்கு அடுத்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் எங்கள் தெருவுக்குள்ளும் புகுந்தது. மனிதர்கள் எல்லோரும் நலம். அப்பாவின் 1998 மாடல் மாருதி 800 மட்டும் ஒன்றரை நாள் தண்ணீரில் நின்றுவிட்டது. கார்புரேட்டர் வண்டி, ஆர்.சி.யை மூன்று முறை புதுப்பித்து இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஏர் கிளீனர் பெட்டிக்குள் சேறு கிடந்தது. நல்ல வேளையாக யாரும் சாவியைப் போட்டுத் திருப்பவில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும், தண்ணீர் காற்றைப் போல அமுங்காது என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார்.

இப்போது ஹெட்டும் (சிலிண்டர்களின் மேல்மூடி), இன்டேக் மேனிஃபோல்டும் (கார்புரேட்டரில் இருந்து மூன்று சிலிண்டருக்கும் பிரிகிற குழாய்த் தொகுப்பு, அதன் ஒவ்வொரு கிளையும்தான் ரன்னர்) வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. மேனிஃபோல்டுக்குள் விரலை விட்டால் வெள்ளையாக உப்பு பூத்த மாதிரி மாவு வருகிறது. வார்ப்பில் வந்த ஒரு கோடு ரன்னர் முழுக்க மேடாக ஓடுகிறது. பழைய கேஸ்கெட்டின் ஓரம் துளைக்குள் நீட்டிக்கொண்டிருந்த தடமும் தெரிகிறது.

இந்த வண்டியில் எனக்கு இருக்கும் ஒரே குறை கேப்பர் மலை. நாலு பேர் உட்கார்ந்து ஏ.சி. போட்டால் அந்த ஏற்றத்தில் மூன்றாம் கியரில் திணறி, இரண்டுக்கு இறக்க வேண்டியிருக்கிறது. எப்படியும் பிரித்தாகிவிட்டதே, அப்படியே ரன்னரை 2 மி.மீ. பெரிதாக்கி உள்ளே கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுவிடலாமா? வீடியோக்களில் நிறைய பேர் செய்கிறார்கள். செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


ரெட்டிச்சாவடி_ஆர்எக்ஸ் | 8 டிசம்பர், இரவு 10:15

நண்பா, யோசிக்காமல் செய். ஹெட் இறங்கியிருக்கும்போது செய்யாமல் எப்போது செய்வாய்? என் ஆர்.எக்ஸ். 100 பைக்கில் ரீட் வால்வு பக்கம் போர்ட்டை (காற்று நுழையும் துளையை) பெரிதாக்கி கார்புரேட்டரையும் மாற்றினேன், ஈ.சி.ஆர்.-ல் ஆறாயிரத்துக்கு மேல் போனால் வண்டி வேறு வண்டி. எஞ்சின் என்பது காற்று பம்ப். காற்று அதிகமாக உள்ளே போனால் பெட்ரோலும் அதிகமாகப் போகும், பவரும் அதிகமாக வரும். கம்பெனிக்காரன் செலவைக் குறைக்க வார்ப்பை அப்படியே விட்டிருக்கிறான், அந்த மிச்ச வேலையைத்தான் நாம் செய்கிறோம்.


வில்லியனூர்_லேத் | 9 டிசம்பர், காலை 6:50

தம்பி உப்பலவாடி, கொஞ்சம் பொறு. முப்பது வருடமாக ஹெட் வேலை பார்க்கிறவன் சொல்கிறேன், கிரைண்டரைக் கையில் எடுக்கும் முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல். இழுவை எங்கே வேண்டும்? கேப்பர் மலை என்று நீயே எழுதியிருக்கிறாய். மூன்றாம் கியரில் ஆள் நிறைந்த வண்டி திணறும் இடத்தில் எஞ்சின் எவ்வளவு சுற்றிக்கொண்டிருக்கும்? இரண்டாயிரத்து ஐந்நூறு, மிஞ்சினால் மூவாயிரம். ஆறாயிரத்தில் அல்ல. உன் வண்டிக்கு அதிகபட்ச டார்க்கே (இழுவிசை) 2500 ஆர்.பி.எம்.-ல்தான். மாருதி கொடுத்த கணக்கு 59 நியூட்டன் மீட்டர், பவர் 37 குதிரை 5000-ல். அந்த 2500 தற்செயலாக அமைந்ததில்லை. ஊருக்குள் ஓடுகிற குடும்ப வண்டி என்று தெரிந்தே ரன்னரை ஒல்லியாக வைத்திருக்கிறார்கள்.

நம் பெண்ணை ஆற்றையே பார். பாலத்துக்கு அடியில் தூணுக்கும் தூணுக்கும் நடுவில் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும், ஒரு மணல் துகள்கூட தங்காது. அதே தண்ணீர் முகத்துவாரத்தில் அகலமானதும் வேகம் போய் மணலைக் கீழே போட்டுவிடும், திட்டு திட்டாகச் சேரும். கார்புரேட்டர் வண்டியில் ரன்னர் சுமப்பது வெறும் காற்றை இல்லை தம்பி, பெட்ரோல் துளியையும் சேர்த்துத்தான். குழாயை அகலமாக்கினால் மெதுவாகச் சுற்றும்போது காற்றின் வேகம் குறையும், துளி சுவரில் ஒட்டும், அடியில் வழியும். சிலிண்டருக்குப் போவது சில நேரம் வெறும் காற்று, சில நேரம் வெறும் பெட்ரோல். கேப்பர் மலையில் இப்போது திணறுகிற வண்டி அப்போது நின்றே விடும்.


லாஸ்பேட்டை_கணக்கு | 9 டிசம்பர், மாலை 5:30

அண்ணன் சொன்னதை எண்ணில் போட்டுக் காட்டுகிறேன். மெக்கானிக்கல் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன், இந்தக் கணக்கை அவர்களையும் போடச் சொல்வேன்.

800-ன் எஞ்சின் 796 சி.சி., மூன்று சிலிண்டர், போர் (சிலிண்டர் விட்டம்) 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு முறை நகரும் தூரம்) 72 மி.மீ. பிஸ்டன் ஒரு சுற்றுக்கு இரண்டு ஸ்ட்ரோக் தூரம் போகிறது. ஆகவே 6000 ஆர்.பி.எம்.-ல் அதன் சராசரி வேகம் நொடிக்கு 14.4 மீட்டர். ரன்னரில் காற்றின் சராசரி வேகம் வேண்டுமென்றால் இதை போர் பரப்புக்கும் ரன்னர் பரப்புக்கும் உள்ள விகிதத்தால் பெருக்க வேண்டும். ரன்னர் உள்விட்டம் 26 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம் (நீங்கள் வெர்னியரால் அளந்து உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்). 6000-ல் நொடிக்கு 100 மீட்டர், 3000-ல் 50 மீட்டர். 28 மி.மீ. ஆக்கினால் 86-ம் 43-ம். 30 ஆக்கினால் 75-ம் 37-ம்.

இரண்டு மி.மீ. என்று கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் 26-ல் இருந்து 28 போவது பரப்பில் 16 சதவீதக் கூடுதல், மலை ஏறுகிற மூவாயிரத்தில் வேகம் 14 சதவீதம் விழுகிறது. இன்டேக் வால்வு பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே வரத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் சிலிண்டரை நிரப்புவது வேகமாக வரும் காற்றின் உந்தம்தான். வேகம் போனால் பிஸ்டன் அதே காற்றைத் திருப்பி மேனிஃபோல்டுக்கே தள்ளிவிடும். மெதுவாகச் சுற்றும்போது இழுவை போவதற்குப் பெரிய காரணம் இதுதான்.


ரெட்டிச்சாவடி_ஆர்எக்ஸ் | 9 டிசம்பர், இரவு 8:05

மேடம், கணக்கை மறுக்கவில்லை. ஆனால் இதே 800 எஞ்சினைப் போட்டுத்தானே கரிவர்தன் சார் கோயம்புத்தூரில் ஃபார்முலா மாருதி ரேஸ் கார் செய்தார், இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் எத்தனை வருடம் ஓடியது. ரேஸ்காரர்கள் எல்லோரும் போர்ட்டைத் திறக்கத்தான் செய்கிறார்கள். வேகம் மட்டும்தான் முக்கியம் என்றால் குழாயை இன்னும் ஒல்லியாக்கிவிடலாமே? எங்கேயோ ஓர் அளவுக்கு மேல் ஒல்லியாக இருந்தால் மூச்சு முட்டும் இல்லையா?


லாஸ்பேட்டை_கணக்கு | 9 டிசம்பர், இரவு 9:20

சரியான கேள்வி. கண்டிப்பாக முட்டும். அதனால்தான் ரேஸ் எஞ்சினுக்கும் ரோடு எஞ்சினுக்கும் விடை வேறு. ரேஸ் டிராக்கில் ஓட்டுநர் ஆர்.பி.எம். ஊசியைக் கீழே விடவே மாட்டார், எஞ்சின் எப்போதும் மேலேயே சுற்றும், வால்வைத் திறந்து மூடும் கேமும் அதற்கேற்ப வேறாக இருக்கும். அங்கே பெரிய குழாய் சரி. கேமை மாற்றாமல் ரன்னரை மட்டும் பெரிதாக்கினால் எஞ்சினின் ஒரு பாதி மேலே சுற்றக் கேட்கும், இன்னொரு பாதி கீழே நின்றுவிடும்.

அப்புறம் குழாயில் இன்னொரு விஷயம் நடக்கிறது, அழுத்த அலை. வால்வு திறந்ததும் பிஸ்டன் உறிஞ்சுகிற தாழ்வு அலை ரன்னர் வழியே பின்னால் ஓடி, பிளீனத்தில் (ரன்னர்கள் சேரும் பொது அறையில்) பட்டு, உயர் அழுத்தமாகத் திரும்பி வருகிறது. ஒலியின் வேகம், நொடிக்குச் சுமார் 345 மீட்டர். வால்விலிருந்து பிளீனம் வரை 35 செ.மீ. இருந்தால் போய் வர 2 மில்லி நொடி. 6000 ஆர்.பி.எம்.-ல் அந்த நேரத்தில் கிராங்க் 72 டிகிரி திரும்பும், 3000-ல் 36 டிகிரிதான். திரும்பி வரும் அலை வால்வு மூடப்போகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தால் கூடுதல் காற்றை உள்ளே அடைக்கும். நீளத்தை வைத்து எந்த வேகத்தில் இழுவை வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். 1960-ல் கிரைஸ்லர் தன் 300 எஃப் காரில் 30 அங்குல நீளத்துக்கு ரன்னர் வைத்தது, நடு வேகத்து இழுவைக்காக. அதே மேனிஃபோல்டை ரேஸுக்குக் கொடுத்தபோது வெளியே அளவை மாற்றாமல் உள்சுவரை மட்டும் வெட்டி, பயன்படும் நீளத்தை 15 அங்குலமாக்கினார்கள்.

விட்டமும் இதில் சேர்கிறது. ரன்னரும் சிலிண்டரும் சேர்ந்து ஒரு குடம் மாதிரி. கழுத்து அகலமானால் ஊதும் சத்தத்தின் சுருதி ஏறும் இல்லையா, அதே விதி. பரப்பு 16 சதவீதம் ஏறினால் அதிர்வெண் அதன் வர்க்கமூலத்தில், அதாவது 8 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறும். மூவாயிரத்தில் கிடைத்துக்கொண்டிருந்த உதவி 3200-க்கு மேல் நகர்ந்துவிடும். மலையடிவாரத்தில் உங்களுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்.


பண்ருட்டி_பழையகார் | 10 டிசம்பர், காலை 7:30

நான் அனுபவித்ததைச் சொல்கிறேன், வேறு யாருக்கும் நடக்கக் கூடாது. ஆறு வருடம் முன்னால் என் 800-ன் மேனிஃபோல்டை ஒரு பட்டறையில் கொடுத்தேன். கார்பைடு பர் (கிரைண்டரில் மாட்டும் அரைக்கும் முனை) போட்டு இழுத்து இழுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தார்கள், உள்ளே முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. மாட்டி ஓட்டியபோது காலையில் வெள்ளைப் புகை. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. ஹெட் கேஸ்கெட் என்று நினைத்து அதை மாற்றினேன், போகவில்லை. மறுபடி பிரித்துப் பார்த்தால் ரன்னர் அடியில் குண்டூசி முனை அளவு ஓட்டை. இந்த மேனிஃபோல்டுக்குள் சூடாக்குவதற்காகக் கூலன்ட் ஓடுகிறது, தெர்மோஸ்டாட்டும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. ரன்னருக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய சுவர். அதை அரைத்துவிட்டார்கள். நல்ல மேனிஃபோல்டு கிடைக்க இரண்டு மாதம் பழைய சாமான் கடைகளில் அலைந்தேன். வெல்டிங் வைத்தும் பார்த்தேன், நிற்கவில்லை.

உங்கள் மேனிஃபோல்டு வெள்ளத்தில் கிடந்து உப்பு பூத்திருக்கிறது என்கிறீர்கள். அலுமினியம் ஏற்கெனவே குழி விட்டிருக்கும். சுவர் எங்கே எவ்வளவு மிச்சம் என்று வெளியில் இருந்து தெரியாது. தயவு செய்து அடிப்பக்கத்தில் பர் வைக்காதீர்கள்.


முதுநகர்_போட் | 10 டிசம்பர், இரவு 10:50

நான் போட் எஞ்சின் வேலை பார்க்கிறவன், ஊர் கடலூர் ஓ.டி. (முதுநகர்). டீசல் வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டுக் கிரைண்டரை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். டைரக்ட் இன்ஜெக்ஷன் டீசலில் இன்டேக் போர்ட் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும். காற்று சிலிண்டருக்குள் சுழன்றுகொண்டே இறங்க வேண்டும், அந்தச் சுழலில்தான் டீசல் துளி காற்றோடு கலக்கும். போர்ட்டை நேராக்கிப் பெரிதாக்கினால் காற்று அதிகமாகப் போகலாம், சுழல் போய்விடும், கரும்புகை தள்ளும். ஒரு போட்டுக்கு அப்படிச் செய்துவிட்டு டீசல் செலவு ஏறி மறுபடி ஹெட் மாற்றினார்கள். டீசல் ஹெட்டில் சுத்தம் செய்யுங்கள், வால்வு சீட் (வால்வு உட்காரும் வளையம்) பாருங்கள், அதற்கு மேல் கை வைக்க வேண்டாம்.


உப்பலவாடி_800 | 11 டிசம்பர், இரவு 9:10

எல்லோருக்கும் நன்றி. பண்ருட்டி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு மேனிஃபோல்டைத் திருப்பிப் பார்த்தேன், ஆமாம், அடியில் தண்ணீர் வழி ஓடுகிறது. பெரிதாக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஆனால் வார்ப்புக் கோடும் கேஸ்கெட் நீட்டலும் அப்படியே இருக்கட்டுமா? வில்லியனூர் அண்ணே, நீங்களாக இருந்தால் இந்த ஹெட்டில் என்ன செய்வீர்கள் என்று ஒன்று விடாமல் சொல்லுங்கள். பக்கத்துப் பட்டறையில் டை கிரைண்டர் தருகிறேன் என்கிறார்கள்.


வில்லியனூர்_லேத் | 12 டிசம்பர், காலை 6:20

நல்ல முடிவு. இப்போது கேள்.

முதலில் அந்த வெள்ளை மாவு. பித்தளை பிரஷ் வேண்டாம், நைலான் பிரஷ், சூடான சோப்புத் தண்ணீர், அப்புறம் மண்ணெண்ணெய். குழி எவ்வளவு ஆழம் என்று டார்ச் அடித்துப் பார். கேஸ்கெட் உட்காரும் முகத்தில் குழி இருந்தால் அதுதான் முதல் கவலை. நேர்ச்சட்டத்தை முகத்தின் மேல் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்த்துக்கொள். வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்து ஒரு பூச்சு மட்டும் சீவச் சொல். இங்கே காற்று கசிந்தால் நீ ரன்னரில் செய்கிற எந்த வேலையும் பலன் தராது, ஐடிலே நிற்காது.

அடுத்தது பொருத்தம். ஹெட் முகத்திலும் மேனிஃபோல்டு முகத்திலும் நீல மார்க்கரைத் தடவு. புது கேஸ்கெட்டை ஸ்டட்டில் மாட்டி, ஆடாமல் பிடித்து, கூர்மையான ஊசியால் போர்ட் ஓரத்தைக் கோடு இழு. இரண்டு முகத்திலும் செய். இப்போது இரண்டு துளையும் எங்கே விலகி நிற்கின்றன என்று தெரிந்துவிடும். நிறைய பேர் இங்கேதான் தப்பு செய்கிறார்கள், கேஸ்கெட் துளை அளவுக்கு இரண்டையும் இழுத்துவிடுகிறார்கள். கேஸ்கெட் துளை எப்போதும் கொஞ்சம் பெரிதாகத்தான் வெட்டப்பட்டிருக்கும், அது அளவுகோல் இல்லை. உன் அளவுகோல் ஹெட்டின் போர்ட். காற்று போகிற திசையில் எதிரே படி நிற்கக் கூடாது, அவ்வளவுதான். மேனிஃபோல்டு துளை சிறியதாகவும் ஹெட் துளை அரை மி.மீ. பெரியதாகவும் இருந்தால் பரவாயில்லை, திரும்பி வருகிற காற்றை அந்தப் படி கொஞ்சம் தடுக்கும், நல்லதுதான். மேனிஃபோல்டு பெரியதாகி ஹெட் சிறியதாக இருந்தால் காற்று சுவரில் முட்டும், அதை மட்டும் விடாதே. கேஸ்கெட் உள்ளே நீட்டினால் பிளேடால் அதை வெட்டு, அலுமினியத்தை வெட்டாதே.

விலகல் இருக்கிற இடத்தில் மட்டும் சீவி, அதை 15, 20 மி.மீ. உள்ளே வரைக்கும் சரிவாகக் கொண்டு போய்க் கலந்துவிடு. அதற்கு மேல் உள்ளே போக வேண்டாம். வார்ப்புக் கோட்டை மேட்டை மட்டும் எடு, சுவரோடு சமமானதும் நிறுத்து. பர் அலுமினியத்துக்கான பெரிய பல் பர்ராக இருக்க வேண்டும், இரும்புக்கான சின்னப் பல் போட்டால் ஒரு நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். மண்ணெண்ணெயில் தொட்டுத் தொட்டு வேலை செய். கண்ணாடி, முகமூடி கட்டாயம். கிரைண்டரை ஓர் இடத்தில் நிறுத்தாதே, நகர்ந்துகொண்டே இரு. ஐந்து விநாடி நின்றால் பள்ளம்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. நீ கேட்டது ரன்னரைப் பற்றி, ஆனால் காற்று அதிகமாகத் தட்டுத் தடுமாறுகிற இடம் ரன்னர் இல்லை தம்பி, வால்வு சீட்டுக்குக் கீழே இருக்கிற கிண்ணம். அங்கே காற்று திரும்பி, வால்வைச் சுற்றி விரிந்து, மெல்லிய இடுக்கு வழியாக இறங்க வேண்டும். சீட்டுக்கு அடியில் இயந்திரம் வெட்டிய இடமும் வார்ப்பும் சேரும் இடத்தில் ஒரு கூர்மையான படி இருக்கும், விரலை விட்டுப் பார், தெரியும். அந்தப் படியை மட்டும் மழுங்க எடுத்தால் ரன்னர் முழுக்க அரைப்பதைவிடப் பலன் அதிகம். பழைய வால்வு ஒன்றை உட்கார வைத்துக்கொண்டு வேலை செய், பர் வழுக்கினாலும் சீட் பிழைக்கும். உள்வளைவு, அதாவது போர்ட் தரையில் இருந்து சீட்டுக்குத் திரும்புகிற குட்டையான பக்கம், அதை உருட்டையாக மட்டும் செய், தாழ்த்தாதே. காற்று வேகமாக வரும்போது அந்த முனையில் ஒட்டாமல் பிரிந்துவிடும். அதைக் கூர்மையாக்கினால் போர்ட் பெரியதாகி ஓட்டம் குறையும். கைடு மேட்டின் (வால்வுத் தண்டைப் பிடிக்கும் குழாயைச் சுற்றிய மேடு) ஓரத்தை வழவழப்பாக்கு, நீளத்தைக் குறைக்காதே, வால்வு ஆட ஆரம்பிக்கும்.

கடைசியில் சீட்டை நல்ல பட்டறையில் 30, 45, 60 என்று மூன்று கோணத்தில் வெட்டச் சொல். வால்வு உட்காருவது 45-ல். மேலும் கீழும் இருக்கிற கோணம் காற்றைத் திருப்பிவிட. சீட் அகலம் சர்வீஸ் மேனுவலில் இருக்கிற அளவுதான், ஒல்லியாக்க ஆசைப்படாதே, வால்வின் சூடு சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குப் போகிறது. பிறகு லேப்பிங் (வால்வையும் சீட்டையும் பசை வைத்துத் தேய்த்துப் பொருத்துவது), மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா என்று பார்ப்பது, எல்லாம் உனக்குத் தெரியும்.


திருப்பாதிரி_புதுசு | 12 டிசம்பர், மதியம் 1:15

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். பாலிஷ் போட்டால் என்ன தப்பு? வழவழப்பாக இருந்தால் காற்று சுலபமாகத்தானே போகும்?


லாஸ்பேட்டை_கணக்கு | 12 டிசம்பர், மாலை 6:00

சுவரை ஒட்டி எப்போதும் மெதுவாக நகரும் ஒரு காற்றுப் படலம் இருக்கும். 80 நம்பர் எமெரித் தாளின் சொரசொரப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இவ்வளவு குட்டைக் குழாயில் ஓட்டத்தில் கிடைக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. வளைவின் வடிவம்தான் ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. கார்புரேட்டர் வண்டியில் இன்னொரு காரணமும் உண்டு. கண்ணாடிச் சுவரில் பெட்ரோல் படர்ந்து ஓடையாக வழியும். லேசான சொரசொரப்பு இருந்தால் காற்று அதைக் கிளப்பி மறுபடி துளியாக்க வாய்ப்பு கூடும். வால்வுக்குப் பக்கத்திலேயே இன்ஜெக்டர் தெளிக்கும் வண்டியில் ரன்னர் முழுக்கக் காற்று மட்டும்தான் என்பதால் அங்கே இந்தக் கவலை குறைவு. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் வழவழப்பு பயன் தரும், கரி ஒட்டுவது குறையும்.


வில்லியனூர்_லேத் | 12 டிசம்பர், இரவு 7:45

மேடம் சொன்னதோடு ஒன்று. 80 நம்பரோடு நிறுத்து, போதும். முடித்ததும் கழுவுவதை மூன்று முறை செய். ஓர் அலுமினியத் துகள் போர் சுவரில் கோடு போட்டால் நீ செய்த வேலை எல்லாம் வீண். தண்ணீர், சோப்பு, பிரஷ், காற்று, மறுபடி தண்ணீர்.


உப்பலவாடி_800 | 17 டிசம்பர், இரவு 10:30

வேலை முடிந்தது, விவரமாக எழுதுகிறேன். அரைக்கும் முன்னால் மாமா வீட்டுப் பழைய வாக்குவம் கிளீனரை வைத்து மூன்று ரன்னரையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஏற்பாடு செய்தேன். மேனிஃபோல்டின் ஹெட் பக்கத்து வாயில் ஒன்றில் கிளீனர் குழாயைப் பொருத்தி, மற்ற இரண்டையும் அடைத்து, பக்கத்தில் ஒரு சின்ன ட்யூபைச் சொருகி அதை யூ வடிவத்தில் வளைத்து நிறத் தண்ணீர் ஊற்றி, இரண்டு கைக்கும் உள்ள உயர வித்தியாசத்தை ஸ்கேலில் அளந்தேன். தண்ணீர் குறைவாக ஏறினால் அந்த ரன்னரில் காற்று சுலபமாகப் போகிறது என்று பொருள். கார்புரேட்டர் உட்காரும் வாயில் கூர்மையான ஓரம் அளவைக் கெடுக்கும் என்று லாஸ்பேட்டை மேடம் தனியாகச் சொன்னார்கள், அங்கே களிமண்ணை வளைவாக ஒட்டினேன். முறைப்படியான ஃப்ளோ பெஞ்சில் 28 அங்குல நீர், அதாவது 71 செ.மீ. அழுத்தத்தில் அளப்பார்களாம். என் கிளீனருக்கு அந்த இழுப்பு இல்லை, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட மட்டும் போதும்.

முன்னால்: நடு ரன்னர் 31 செ.மீ., ஓர ரன்னர்கள் 38-ம் 37-ம். நடு சிலிண்டருக்கு நேர் வழி, ஒன்றுக்கும் மூன்றுக்கும் வளைவு, அது புரிகிறது. ஆனால் ஒன்றாம் ரன்னரில் வார்ப்பு மேடு சரியாக அந்த வளைவின் உள்பக்கமே நின்றிருந்தது.

பின்னால்: நடு 30, ஓரம் இரண்டும் 33. விட்டத்தை எங்கேயும் பெரிதாக்கவில்லை. மேடு, விலகல், கேஸ்கெட் ஓரம் மட்டும். ஹெட்டில் கிண்ணத்தின் படியை எடுத்து, சீட் மூன்று கோணம் வெட்டினேன். அடிப்பக்கம் தொடவே இல்லை, பண்ருட்டி அண்ணே.


ரெட்டிச்சாவடி_ஆர்எக்ஸ் | 17 டிசம்பர், இரவு 11:20

நண்பா, அருமையான வேலை. மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டது, அதுவே பெரிய விஷயம். ஒரே கார்புரேட்டர் மூன்று சிலிண்டருக்கும் ஊட்டும்போது ஒன்று பட்டினி கிடந்தால் அதற்காக மற்ற இரண்டுக்கும் அதிகப் பெட்ரோல் கொடுக்க வேண்டியிருக்கும்.

நான் முதலில் எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். என் ஆர்.எக்ஸ். ஆறாயிரத்துக்கு மேல் வேறு வண்டி என்றேன். ஆறாயிரத்துக்குக் கீழேயும் வேறு வண்டிதான், பின்னால் ஆள் உட்கார்ந்தால் கிருமாம்பாக்கம் சிக்னலில் கிளட்சைப் பாதியில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், மைலேஜும் நன்றாகக் குறைந்துவிட்டது. எனக்கு அந்த மேல் இழுவை பிடித்திருக்கிறது, மாற்ற மாட்டேன். ஆனால் அப்பா ஓட்டுகிற வண்டிக்கு நான் சொன்ன யோசனை தவறு.


உப்பலவாடி_800 | 22 டிசம்பர், இரவு 8:45

இன்று ஓட்டினோம். ஆயில் இரண்டு முறை மாற்றி, டிஸ்ட்ரிபியூட்டரைக் காய வைத்து, கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவிய பிறகு இரண்டாவது கிராங்கிலேயே பிடித்துக்கொண்டது. ஐடில் முன்பைவிட அமைதி. கியர் லீவர் நடுக்கம் பாதியாகக் குறைந்திருக்கிறது, மூன்று சிலிண்டரும் ஒரே மாதிரி வேலை செய்கின்றன என்று நினைக்கிறேன்.

அப்பாதான் ஓட்டினார். நான், அம்மா, தங்கை, ஏ.சி. போட்டு. கேப்பர் மலை அடியில் மூன்றாம் கியர். வழக்கமாகத் திணறுகிற வளைவு வந்ததும் அவர் கை தானாகவே கியர் லீவருக்குப் போனது, ஆனால் இறக்கவில்லை. மேலே போய் நிறுத்தி, இறங்கி பானட்டைத் திறந்து கொஞ்ச நேரம் எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சுத்தம் செய்தது, சீட் வெட்டியது, கார்புரேட்டர் கழுவியது எல்லாம் சேர்ந்துதான் இது. ரன்னர் வேலை மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து பிளக்கைக் கழற்றினேன். ஒன்றும் மூன்றும் இளம் காபி நிறம், நடு பிளக் மட்டும் ஒரு சாயல் வெளுப்பு, அங்கே பெட்ரோல் குறைவாகப் போகிறதோ என்று சந்தேகம். மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) ஒரு நம்பர் ஏற்ற வேண்டுமா அண்ணே?


வில்லியனூர்_லேத் | 23 டிசம்பர், காலை 6:40

இப்போது தொடாதே. ஒரு சாயல் வெளுப்புக்கு ஜெட் மாற்றினால் மற்ற இரண்டும் கருக்கும். நடு போர்ட் பக்கத்து கேஸ்கெட்டில் சோப்புத் தண்ணீரை அடித்துப் பார், ஐடில் மாறினால் அங்கே காற்று கசிகிறது. மாறவில்லை என்றால் 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மேனிஃபோல்டு நட்டை மறுபடி ஒரே அளவு டார்க்கில் நடுவில் இருந்து ஓரத்துக்கு இறுக்கு, அப்புறம் பிளக்கைப் படம் எடுத்து இங்கேயே போடு. அப்பாவுக்கு என் வணக்கம் சொல்.